ஓபஸ் 1 மட்டும்: நீலகிரியில் ஒரு சேம்பர் கச்சேரி நடத்துவது எப்படி

இசையமைப்பாளர்கள் முதன்முதலில் அச்சுக்குக் கொடுத்த படைப்புகளை மட்டும் வைத்து ஒரு மாலைக் கச்சேரி அமைப்பதில் பெரிய வசதி, ஆள் அதிகம் வேண்டியதில்லை என்பது. பெயர் தெரியாத இளைஞனின் சிம்பொனியை அந்தக் காலப் பதிப்பாளர் யாரும் அச்சிடத் துணியமாட்டார். வீட்டில் இரண்டு வயலினும் ஒரு கீபோர்டும் வைத்திருப்பவர்கள் வாங்கக்கூடியதைத்தான் அச்சிட்டார்கள். அதனால் இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு பியானோ, ஒரு பாடகர் என ஐந்து பேர் இருந்தால் 1681 முதல் 1821 வரை ஒரு சுற்று வந்துவிடலாம். மலையில் சிக்கல் வருவது இசையால் அல்ல. பியானோ, ஈரம், மின்சாரம், சாலை ஆகிய நான்கும்தான் கச்சேரியைக் கெடுக்கும்.

விதியை முதலில் எழுதி வைக்கவும்

ஓபஸ் என்பது ஓர் இசையமைப்பாளரின் அச்சான படைப்புகளுக்கு இடும் வரிசை எண். ஆனால் 'ஓபஸ் 1' என்பதும் 'முதலில் அச்சானது' என்பதும் எப்போதும் ஒன்றல்ல. பீத்தோவனின் ஓபஸ் 1 மூன்று பியானோ டிரியோக்கள் (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமானவை). 1795இல் வியன்னாவின் அர்தாரியா நிறுவனம் வெளியிட்டது. ஆனால் டிரெஸ்லரின் மெட்டு ஒன்றைப் பலவிதமாக மாற்றி அவர் எழுதிய 'டிரெஸ்லர் வேரியேஷன்ஸ்' 1782லேயே அச்சாகிவிட்டது. ஷோபானின் ஓபஸ் 1 ரோண்டோ 1825. ஏழு வயதில் எழுதிய பொலோனேஸ் ஒன்று 1817லேயே வெளிவந்தது. ஷூபர்ட்டின் ஓபஸ் 1 'எர்ல்கோனிக்' என்ற பாட்டு 1821. அவருடைய வேறொரு பாட்டு 1818லேயே ஓர் ஆண்டுமலரின் இணைப்பாக வந்திருந்தது. மொசார்ட்டுக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. 1764இல் பாரிஸில், எட்டு வயதில், ஓபஸ் 1 என்ற பெயரில் வந்த இரண்டு சொனாட்டாக்கள்தான் (கே.6, கே.7; 'கே' என்பது மொசார்ட் படைப்புப் பட்டியலின் எண்) அவருடைய முதல் அச்சும்.

இரண்டில் எதை எடுத்தாலும் சரி, கலக்கக் கூடாது. ஓபஸ் 1 என்ற விதிதான் நல்லது. 'இதை வைத்து என்னை மதிப்பிடுங்கள்' என்று இசையமைப்பாளரே முன்வைத்த படைப்பு பெரும்பாலும் அதுதான், வாசிக்கவும் அதில்தான் விஷயம் இருக்கிறது. விதிவிலக்கு ஹைடன். அவருடைய ஓபஸ் 1 குவார்ட்டெட்டுகளுக்கு (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானவை) அந்த எண்ணை இட்டது பதிப்பாளர். அந்தத் தொகுப்பில் ஐந்தாவது, உண்மையில் ஒரு சிம்பொனி. நான்கு தந்தி வாத்தியக்காரர்கள் கிடைத்து ஹைடனைச் சேர்த்தால் முதல் எண்ணை எடுங்கள், ஐந்தாவதைத் தொடவேண்டாம்.

எதை வாசிப்பது

ஐந்து பேருக்கும், சுமாரான பியானோவுக்கும், இடைவேளையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கும் பொருந்தும் நிரல் இது:

கொரெல்லி, ஓபஸ் 1 எண் 1 (ரோம், 1681): 6 நிமிடம்
விவால்டி, ஓபஸ் 1 எண் 12, 'லா ஃபோலியா' (வெனிஸ், 1705): 9 நிமிடம்
மொசார்ட், ஓபஸ் 1 எண் 1, கே.6 (பாரிஸ், 1764): 13 நிமிடம்
ஷூபர்ட், ஓபஸ் 1, 'எர்ல்கோனிக்' (வியன்னா, 1821): 4 நிமிடம்
இடைவேளை: 20 நிமிடம்
பீத்தோவன், ஓபஸ் 1 எண் 1, இ ஃபிளாட் மேஜர் (வியன்னா, 1795): 30 நிமிடம்

ஆண்டு வரிசை ஓரிடத்தில் மாறியிருப்பது வேண்டுமென்றே செய்தது. எர்ல்கோனிக்கின் பியானோ வலது கை முழுக்க ஒரே சுரத்தை எட்டு சுர இடைவெளியில் மூன்று மூன்றாக அடித்துக்கொண்டே இருக்கும். நான்கு நிமிடத்தில் மணிக்கட்டு கடுத்துவிடும். அதற்குப் பிறகு இடைவேளை வந்தாக வேண்டும். பீத்தோவன் டிரியோ முடிந்த கையோடு இதை வாசிக்கச் சொல்வது பியானோ வாசிப்பவரைத் தண்டிப்பது.

கொரெல்லியும் விவால்டியும் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் மேடைதான். இரண்டுக்கும் வாத்தியங்கள் ஒன்றே, உட்காரும் இடமும் ஒன்றே. நடுவில் யாரும் நாற்காலியை இழுக்க வேண்டாம். கொரெல்லியின் ஓபஸ் 1 தலைப்புப் பக்கமே ஆர்கனைக் கேட்கிறது. ஆகவே ஹார்ப்சிகார்ட் இல்லையே என்று கவலைப்படாமல் டிஜிட்டல் கீபோர்டில் சிறிய ஆர்கன் ஒலியை வைத்து வாசிக்கலாம், பிசகில்லை. விவால்டிக்கு அதே கீபோர்டில் ஹார்ப்சிகார்ட் ஒலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோலியா, மாறாத ஒரு அடித்தளத்தின் மேல் அடுக்கடுக்காக வேரியேஷன்கள் வரும் உருப்படி. ஒரே வரியை எடுத்து நிரவல் செய்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடித்துவிடும். நம் ஊர்க் கச்சேரியில் இது கைதட்டலை வாங்கித் தரும்.

இரண்டுக்கும் கீபோர்டு பகுதியில் பாஸ் வரியும் அதன்மேல் எண்களும் மட்டும் இருக்கும் பதிப்புகள் உண்டு. அந்த எண்களைப் பார்த்துக் கைக்கு வந்ததை இட்டு நிரப்பும் பயிற்சி இல்லாதவர் என்றால், வலது கை முழுதாக எழுதப்பட்ட பதிப்பையே தேடி எடுக்கவும். ஒத்திகை நாளில் இதைக் கண்டுபிடித்தால் அன்றைய பொழுது போய்விடும்.

மொசார்ட்டில் ஏமாறுவது வயலின்காரர்கள்தான். தலைப்பில் 'வயலின் துணையுடன் கீபோர்டு சொனாட்டா' என்ற பொருளில்தான் இருக்கிறது. முதன்மை பியானோவுக்கு, வயலின் பின்பாட்டு. பக்கவாத்தியம் பாடகரை மிஞ்சினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும் கேட்கும். மேற்கத்திய இசைத் தேர்வில் கிரேடு 6 முடித்த பள்ளி மாணவரை வயலினில் உட்கார வைக்கலாம். லவ்டேல், குன்னூர் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு.

வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசிப்பவர் ஒருவர் கிடைத்தால் பீத்தோவனுக்குப் பதில் மெண்டல்சனின் ஓபஸ் 1 பியானோ குவார்ட்டெட்டைப் போடலாம். 13 வயதில் எழுதி, 1823இல் அச்சானது. பிராம்ஸின் ஓபஸ் 1 பியானோ சொனாட்டாவை மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல கிராண்டு பியானோ இல்லாமல் அது இரைச்சல்.

பீத்தோவனின் மூன்றில் எண் 1ஐச் சொல்வதற்கும் காரணம் உண்டு. புகழ் பெற்றது எண் 3, சி மைனர். ஆனால் அது முடியும்போது மெல்ல மெல்லத் தேய்ந்து, பியானிஸிமோவில் (மிக மெல்லிய ஒலியில்) அடங்கும். தகரக் கூரையில் தூறல் விழுந்தாலோ பின்னால் ஜெனரேட்டர் ஓடினாலோ அந்தக் கடைசிப் பக்கம் யார் காதிலும் விழாது. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் சபை விழிக்கும். எண் 1 கலகலப்பாக முடிகிறது. அதன் கடைசிப் பகுதி பியானோவின் வலது கை பத்து சுரம் தாண்டிக் குதிப்பதில் தொடங்குகிறது. விறைத்த விரலோடு அந்தத் தாவல் தவறும். கச்சேரிக்கு முன் கை சூடாக இருக்க வேண்டியது இந்த ஓரிடத்துக்காகத்தான்.

ஸ்கோர்

இந்திய சட்டப்படி இசையமைப்பாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. மேலே சொன்ன ஐவரும் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டவர்கள். இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் கோர்ன்கோல்டின் ஓபஸ் 1 டிரியோவும் 1957இல் அவர் இறந்ததால் 2018 முதல் நம் நாட்டில் சுதந்திரம். இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் இறந்தது 1976இல். அவருடைய ஓபஸ் 1ஐ 2036 முடியும்வரை அனுமதியில்லாமல் வாசிக்க முடியாது. இசைக்குச் சொந்தம் தீர்ந்தாலும் இன்றைய பதிப்பகம் தயாரித்த புதிய பதிப்பு அந்தப் பதிப்பகத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம். ஐஎம்எஸ்எல்பி என்ற இலவச இசைத்தாள் தளத்தில் கிடைக்கும் பழைய பதிப்புகள் போதும்.

சாதாரண 70 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டால் மலை ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் தாள் தொய்ந்து ஸ்டாண்டிலிருந்து வழுக்கும். 100 ஜிஎஸ்எம் தாளில் எடுத்து, இரண்டிரண்டு பக்கமாகக் கெட்டி அட்டையில் ஒட்டவும். பீத்தோவனுக்குப் பக்கம் திருப்ப ஒருவர் கட்டாயம் வேண்டும். அவரும் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஒத்திகைக்கும் வர வேண்டும்.

எர்ல்கோனிக்கை ஷூபர்ட் நான்கு விதமாக எழுதியிருக்கிறார். அதில் ஒன்றில் பியானோ எளிமையாக்கப்பட்டு, மும்மூன்று அடிகள் இல்லாமல் இருக்கும். அச்சானது நான்காவது. விதிப்படி நீங்கள் எடுக்க வேண்டியதும் அதுதான். மூல சுருதி ஜி மைனர். பாடகர் கீழே இறக்கக் கேட்டால் இறக்கி அச்சிட்ட பிரதியை முன்கூட்டியே கொடுங்கள். மேடையில் மனத்தால் மாற்றி வாசிக்கக்கூடிய உருப்படி அல்ல அது.

பியானோ

எல்லாம் வந்து நிற்பது இங்கேதான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பழைய ஹால்களிலும் கிளப்புகளிலும் இருக்கும் பியானோ பெரும்பாலும் அப்ரைட், அதாவது கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கும் வகை. பல வருடம் ட்யூன் செய்யாமல் கிடந்தால் சுருதி இறங்கியிருக்கும். ஹாலைப் பேசி முடிப்பதற்கு முன் போனில் ஒரு ட்யூனர் ஆப் வைத்து, நடு ஏ சுரத்தை அடித்துப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 430 காட்டினால் கிட்டத்தட்ட 40 சென்ட் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்) கீழே இருக்கிறது.

அதை ஒரே நாளில் ஏற்றச் சொல்லாதீர்கள். பியானோவில் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 18 டன் அளவுக்கு இழுவிசை. 430ஐ 440க்கு ஏற்றினால் இழுவிசை 5 சதவீதம் கூடும். இரும்பு ஃபிரேமும் மரமும் கிட்டத்தட்ட ஒரு டன் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். துருப்பிடித்த பழைய கம்பி அறும். அறாவிட்டாலும் நிற்காது, ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற மறுபக்கம் இறங்கும். ஏற்றுவதானால் மூன்று வாரத்துக்கு முன் ஒரு தடவை, ஒரு வாரத்துக்கு முன் ஒரு தடவை, கச்சேரியன்று ஒரு தடவை.

இதைவிட எளிய வழி: பியானோவை அது நிற்கும் இடத்திலேயே விட்டு, தனக்குள் சுத்தமாக ட்யூன் செய்யச் சொல்லுங்கள். 430 என்றால் 430. வயலினும் செல்லோவும் சுருதியை இறக்கிக்கொள்ளும், அதில் எந்தச் சேதமும் இல்லை. பாடகருக்குச் சந்தோஷம். கீபோர்டின் செட்டிங்கில் 'ட்யூனிங்' என்ற இடத்தில் ஹெர்ட்ஸை மாற்றலாம். அதையும் 430இல் வைத்துவிடுங்கள். வாசிப்பவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும், அந்தச் சுருதியிலேயே சாதகம் செய்துகொண்டு வருவார்கள்.

ட்யூனர் கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டியிருக்கும். அவருக்கு எந்த நேரம் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்குக் குளிர்ந்த ஹாலில் ட்யூன் செய்து முடித்தால், மாலை நூறு பேர் உட்கார்ந்து மூச்சுவிட்டுச் சூடும் ஈரமும் ஏறியதும் நடு மண்டலம் விலகிவிடும். சவுண்ட் போர்டு (கம்பிகளின் அதிர்வை ஒலியாக்கும் பலகை) ஈரத்தில் உப்பிக் கம்பிகளைத் தள்ளுவதுதான் காரணம். ஹீட்டரைப் பதினொரு மணிக்குப் போட்டு, கச்சேரி நேரத்து வெப்பத்துக்கு ஹால் வந்தபிறகு, ஒரு மணி முதல் இரண்டரை வரை ட்யூன் செய்யட்டும். அந்த நேரத்தில் நாற்காலி இழுப்பது, பெருக்குவது, மைக் சோதிப்பது எதுவும் கூடாது. இடைவேளையில் ஒரு பத்து நிமிடம் சரிபார்க்க அவரையே இருக்கச் சொல்லுங்கள்.

ஈரத்தில் கட்டைகள் ஒட்டிக்கொள்வதையும் பார்க்க வேண்டும். 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி, எது மேலே வரத் தயங்குகிறது என்று சாக்பீஸால் குறித்து ட்யூனரிடம் காட்டுங்கள். அப்ரைட்டில் கட்டை முக்கால்வாசிக்கு மேல் எழுந்த பிறகுதான் அடுத்த அடி விழும். ஒட்டும் கட்டையில் எர்ல்கோனிக் வாசித்தால் மூன்றில் ஒன்று ஊமையாகும். ஜி கட்டைகளை மட்டுமாவது தேர்ந்தவர் விரலால் வேகமாக அடித்துச் சோதித்துவிடுங்கள்.

பியானோவே இல்லாத ஹால் என்றால் 88 வெயிட்டட் கட்டை (நிஜ பியானோ போல் கனமாக அழுந்தும் கட்டை) உள்ள டிஜிட்டல் பியானோ. ஸ்பீக்கரை உயரத்தில் மாட்டாமல், வாசிப்பவரின் முதுகுக்குப் பின் தரையில், செல்லோ மட்டத்தில் வையுங்கள். அப்படியும் பீத்தோவன் கொஞ்சம் தட்டையாகத்தான் கேட்கும்.

தந்தி வாத்தியங்கள்

நல்ல வயலின், செல்லோ ஆட்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குக்கு வாசிப்பவர்கள் நோட்டேஷனை முதல் பார்வையிலேயே படித்துவிடுவார்கள், ஆனால் குழுவாக மூச்சுவிட்டுச் சேர்ந்து வாசிக்க ஒரு நாள் முழு ஒத்திகை வேண்டும். முந்தைய நாள் மதியத்துக்குள் அவர்கள் மேலே வந்துவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி, இரண்டு மணி நேரத்தில் குன்னூரில் 15 டிகிரி. வாத்தியத்தின் ஒட்டு விடுவதும், குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) சாய்வதும் இந்த ஏற்றத்தில்தான். ஹாலுக்குள் வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுங்கள். சில்லென்ற மரத்தின் மேல் வெதுவெதுப்பான காற்று பட்டால் வியர்த்துவிடும்.

ஈரமான மாதங்களில் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) உப்பி இறுகும், ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வழுக்கும். காய்ந்த சோப்புத் துண்டும் சாக்பீஸும் கைவசம் இருக்கட்டும்: இறுகினால் சோப்பு, வழுக்கினால் சாக்பீஸ். ஈரத்தில் வில்லின் முடி நீண்டு, திருகை முழுக்கத் திருகினாலும் விறைப்பு வராமல் போகும். ஒரு மாற்று வில் வேண்டும். செல்லோவின் கூர்முனை பதிய மரத்தரை நல்லது. தரையில் கம்பளம் இருந்தால் மேடைப் பகுதியில் மட்டும் சுருட்டிவிடுங்கள், கம்பளம் ஒலியை விழுங்கிவிடும். நாற்காலி கைப்பிடி இல்லாத மரநாற்காலி, 45 செ.மீ. உயரம்.

ஹால், கரண்ட், நாள்

தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி அடைமழையும் வேண்டாம். ஏப்ரல், மே சீசனில் சாலை நகராது. மேலே வருவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதையும் போட்டுவிடுவார்கள். பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் பத்திரம். வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் எடுத்துவிட வேண்டும், ட்யூனரின் வண்டியை மறக்க வேண்டாம்.

மாலை 4 மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியுங்கள். குன்னூர், கோத்தகிரியில் இருட்டியதும் காட்டுமாடு ரோட்டில் நிற்கும். எஸ்டேட்டிலிருந்து நடந்து வருபவர்கள் ஆறு மணிக்கு மேல் உட்கார மாட்டார்கள். நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி ஹால் இருட்டிவிடுவதால் ஸ்டாண்டுக்கு ஒன்று என்று பேட்டரி விளக்குகள் தேவை.

கருங்கல் தேவாலயங்களில் ஒலி நீண்டு நிற்கும். கொரெல்லிக்கு அது வரம், பீத்தோவனின் வேகமான கடைசிப் பகுதியான பிரெஸ்டோவுக்குக் குழப்பம். அங்கே அதைக் கொஞ்சம் நிதானமாக எடுக்க வேண்டும். கிளப் ஹால்களில் திரைச்சீலையும் சோபாவும் ஒலியைத் தின்னும், திரையைக் கட்டிவிட்டு மரநாற்காலி போடுங்கள். எங்கே நடத்தினாலும் இசைக்கு மைக் வேண்டாம். அறிவிப்புக்கு ஒன்று போதும்.

ஆயில் ஹீட்டர் ஒன்று 2000 வாட். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டடத்தின் ஒரே 15 ஆம்பியர் லைனில் இரண்டைப் போட்டால் ஃப்யூஸ் போகும். தனித்தனி லைனில் போட்டு, வாத்தியங்களிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வைக்கவும். ஃபேன் ஹீட்டர் வேண்டாம், சத்தம் போடும். கதவைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. இன்வெர்ட்டர் இருந்தால் எல்இடி விளக்குகளும் கீபோர்டும் மட்டும் அதில். ஜெனரேட்டர் கட்டடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத பக்கம்.

சபைக்கு

நிரல் தாள் தமிழிலும் வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் இப்படி மூன்று வரி போதும்:

'பீத்தோவன், ஓபஸ் 1 எண் 1. வயது 24. வியன்னா, 1795, முன்பணம் கட்டியவர்களின் பட்டியலோடு வெளியானது. லிஹ்னோவ்ஸ்கி இளவரசருக்குக் காணிக்கை. நான்கு பகுதிகள், நான்காவது முடிந்ததும் கைதட்டலாம்.'

கடைசி வாக்கியத்தை வெட்டாதீர்கள். பகுதிக்குப் பகுதி கைதட்டினால் குற்றமொன்றும் இல்லை, ஆனால் தட்டுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே கேட்பது சபைக்குச் சங்கடம். எர்ல்கோனிக்குக் கதைச் சுருக்கம் வேண்டும்: இரவில் காய்ச்சல் குழந்தையை அணைத்துக் குதிரையில் விரையும் தகப்பன், குழந்தைக்கு மட்டும் தெரியும் பூத அரசன், வீடு வந்து சேரும்போது குழந்தை உயிரோடு இல்லை. பாட்டு கதேயின் கவிதை. ஒரே பாடகர் நான்கு குரலில் பாடுகிறார் என்பதையும் சொல்லிவிட்டால் ஜெர்மன் தெரியாதவரும் பின்தொடர்வார்.

இடைவேளை டீயையும் வர்க்கியையும் வெளி வராந்தாவில் கொடுங்கள். உள்ளே கொண்டுவந்த வர்க்கியின் நொறுங்கல் சத்தம் பீத்தோவனின் மெதுவான பகுதியான அடாஜியோவில் கடைசி வரிசைவரை கேட்கும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்குத் தடை உண்டு, எவர்சில்வர் டம்ளர் எடுத்து வையுங்கள். மணி அடித்து, எல்லா டம்ளரும் திரும்பி வந்த பிறகே இரண்டாம் பாதியைத் தொடங்கவும்.